என் பக்கத்துக்குள் உன் கடை

மார்ச் 4

சகலைக்கு,

நேற்று மதியம் ஒரு விடுதிக்காக என்னிடம் இருநூற்று நாற்பது கதவுகளுக்குச் சாமான் கேட்டார்கள். தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதில் பாதிச் சாமான் உங்கள் கடையில் இருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். இனி விவரம்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு விடுதி எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கொள்முதல் பார்க்கும் அம்மாள் கடைக்கு வந்தார். கையில் ஃபோன், ஃபோனில் என் கடையின் இணையப் பக்கம். கீல், தாழ்ப்பாள், திருகு, பூட்டு, பித்தளைக் கைப்பிடி எல்லாமே ஒரே இடத்தில் வேண்டும் என்றார். "உங்க பக்கத்துல போட்டிருக்கிற விலைக்கே தருவீங்களா?" என்று கேட்டார். நான் இன்னொருவருக்குக் கீல் எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து அந்த அம்மாள் முகத்தைப் பார்த்தேன், ஃபோனைப் பார்க்கவில்லை. "என் பக்கத்துல இருந்தா அது என் வார்த்தைம்மா" என்றேன். அவரும் சரி என்று எழுதிக்கொண்டார். அப்புறம்தான் ஃபோனை வாங்கிப் பார்த்தேன். பக்கத்தின் கீழ் மூலையில் உங்கள் கடை. உங்கள் கைப்பிடி, உங்கள் பூட்டு, உங்கள் விலை.

கூட்டுக் கடையைப் பிரித்தபோது பேசிக்கொண்டதை நான் மறக்கவில்லை. கீலும் தாழ்ப்பாளும் திருகும் எனக்கு, பூட்டும் கைப்பிடியும் உங்களுக்கு, ஒருவர் சரக்கை மற்றவர் தொடக் கூடாது. இந்த இரண்டு வருஷத்தில் நான் ஒரு பூட்டைக்கூட விற்றதில்லை. என்னிடம் கீல் வாங்கியவன் பூட்டுக்காக அடுத்த தெருவில் வேறு யாரோ ஒருவர் கடைக்கு நடப்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். ஆகையால் உங்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். கைப்பிடி இருநூற்று நாற்பது ஜோடி, பூட்டும் அதே எண்ணிக்கை. விலை நீங்கள் போட்டிருப்பதுதான். மாதக் கடைசிக்குள் கதவில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் நான் கொடுத்த வார்த்தை போகும். இந்தத் தெருவில் என்னிடம் முதல் என்று இருப்பது அது ஒன்றுதான்.

ஃபோன் பண்ணிப் பேச வேண்டியதுதானே என்கிறாள் உங்கள் அண்ணி. ஃபோன் என்றால் நான் கத்துவேன், நீங்கள் வைத்துவிடுவீர்கள். மின்னஞ்சலில் கத்த முடியாது. "அப்படின்னா நீயே உன் தங்கச்சிகிட்ட சொல்லிடேன்" என்றேன். "உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் என்ன தபால் பெட்டியா?" என்று உள்ளே போய்விட்டாள்.

உண்டு அல்லது இல்லை. ஒரே வார்த்தையில் பதில் எழுதினால் போதும்.

கீல் கடை


மார்ச் 5

மதிப்பிற்குரிய கீல் கடை முதலாளி அவர்களுக்கு,

ஒரே வார்த்தையில் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் கடைத்தெருவில் எனக்கு 'ஒயர்' என்று பேர் வந்திருக்குமா? இழுக்க இழுக்க வந்துகொண்டே இருப்பேன் என்றுதானே அந்தப் பேர். அதை வைத்தவரும் நீங்கள்தான். உங்களுக்குக் 'கறார்' என்று பேர் வைத்தது யார் என்பதை இப்போது சொல்லி உங்கள் கோபத்தைக் கூட்ட விரும்பவில்லை.

பன்னிரண்டு வருஷம் ஒரே கல்லாவில் உட்கார்ந்து 'வாடா, போடா, அந்தப் பெட்டியை எடுடா' என்று சொன்ன வாய் இப்போது 'நீங்கள்' என்கிறது. படித்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கோபம் ஒரு சொட்டும் குறையவில்லை என்று தெரிந்துகொண்டேன். அதனால்தான் நானும் முதலாளி என்று போட்டிருக்கிறேன். சரிக்குச் சரி.

இப்போது ஒரு கேள்வி. நாம் எதற்காகப் பிரிந்தோம்? நான் ஒவ்வொரு சாமானுக்கும் விலைச் சீட்டு ஒட்டினேன். "ஆளோட முகத்தைப் பார்க்காம விலை சொல்றவன் வியாபாரியே இல்லடா, பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கிறவன்" என்று கடை நிறைய ஆள் நிற்கும்போது சொன்னீர்கள். நான் ஒட்டிய சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து என் உள்ளங்கையில் வைத்தீர்கள். பசை இன்னும் காயாத சீட்டுகள். கை எல்லாம் ஒட்டிக்கொண்டது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அப்படிப்பட்டவருடைய பக்கத்தில் விலை இருக்கிறது, அதுவும் என் விலை. அது அங்கே எப்படி வந்தது? கால் முளைத்து நடந்து வந்ததா? நான் கொண்டுவந்து வைக்கவில்லை. இதற்குப் பதில் வராமல் நான் ஒரு கைப்பிடியைக்கூடப் பொட்டலம் கட்ட மாட்டேன்.

இன்னொன்று, சொல்லவே தயக்கமாக இருக்கிறது. பூட்டு வேண்டிய அளவு இருக்கிறது. கைப்பிடி என்னிடம் எண்பது ஜோடிதான் இருக்கிறது. இருநூற்று நாற்பது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?

உங்கள் மின்னஞ்சலை உங்கள் மச்சினியிடம் காட்டினேன். "அத்தானே எழுதியிருக்காரா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று பதறிப்போய் அவள் அக்காவுக்கு ஃபோன் போட்டாள். இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் பின்கட்டிலிருந்து இன்னும் வருகிறது.

பூட்டுக் கடை


மார்ச் 6

சகலைக்கு,

கேட்டதற்குப் பதில். நான்தான் வைத்தேன்.

கீல் வாங்க வருகிறவன், "பூட்டு என்ன விலை ஆகும்ணே?" என்று கேட்பான். தெரியாது என்று சொல்வது எனக்குக் கேவலமாக இருந்தது. அதனால் போன மாதம், நகலெடுக்கும் கடைக்கு மேல்மாடியில் பக்கம் போட்டுக் கொடுக்கும் அம்மணியிடம் போய், என் பக்கத்தின் ஓரத்தில் உங்கள் கடை தெரிகிற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் கடை ஓடுகிறதா என்று பார்க்கத்தான். ஓட வேண்டும் என்று பார்த்தேனா, ஓடக் கூடாது என்று பார்த்தேனா என்று கேட்காதீர்கள். காலையில் ஒன்று தோன்றும், சாயங்காலம் இன்னொன்று தோன்றும்.

அது என் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று உங்கள் மின்னஞ்சல் வந்ததும் மாடி ஏறினேன்.

"எனக்கு மட்டும் தெரியணும்னுதானே சொன்னேன்?"

"அப்படிச் சொல்லவே இல்லைங்க. 'என் பக்கத்துல ஒரு ஓரமா வைம்மா'ன்னீங்க. வச்சேன். பக்கத்தை யார் திறந்தாலும் ஓரமும் சேர்ந்துதானே திறக்கும்?"

"உள்ளே எப்படி அவன் கடை முழுசும் தெரியுது?"

"அது ஒரு குட்டி ஜன்னல்ங்க. பக்கத்துக்குள்ளயே இன்னொரு சின்ன பிரவுசர் மாதிரி. அவர் அங்க ஒண்ணு மாத்தினா இங்கயும் மாறிடும்."

எண்பது ஜோடி எப்படி இருநூற்று நாற்பது ஆனது என்று கேட்டேன். அந்த அம்மணி எதையோ தட்டிப் பார்த்தார். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நானும் நின்றேன். சிரித்து முடித்தபிறகு சொன்னார்.

என் பக்கத்தில் 'புதுச் சரக்கு' என்று ஒரு பத்தி இருக்கிறது. நீங்கள் உங்கள் பக்கத்தில் புதுச் சரக்கு என்று ஒரு வரி எழுதினால், அது ஃபீட் என்ற ஒன்றின் வழியாகத் தானாக வந்து என் பத்தியில் ஏறிக்கொள்ளும். அப்படித்தான் அவர் கட்டி வைத்திருக்கிறார். வந்த வரி என் சரக்கு மாதிரி நின்றுகொள்ளும். அதோடு நின்றால் பரவாயில்லை. "உங்க வரி அவர் பக்கத்துக்கும் போகுதுங்க. அவரும் உங்க ஃபீடை எடுத்துக் கட்டி வச்சிருக்காரு. அவர் வரி உங்ககிட்ட வந்து, உங்ககிட்ட இருந்து அவர்கிட்ட போயி, திரும்ப இங்க வருது. மூணு சுத்து சுத்தியிருக்கு. இப்படியே விட்டா ஆயிரம் ஜோடி ஆயிடும்."

எண்பது, எண்பது, எண்பது. கொள்முதல் அம்மாள் மூன்றையும் கூட்டியிருக்கிறார். அவர் கதவுக்குக் கணக்காகப் பொருந்தியதும் சந்தோஷமாக வந்துவிட்டார்.

அதோடு, உங்கள் பக்கத்திலும் ஒரு குட்டி ஜன்னல் இருப்பதைக் காட்டினார். அதற்குள் என் கடை. என் கடையின் மூலையில் உங்கள் கடை. அதற்குள் எறும்பு அளவில் என் கடை. முடிவெட்டும் கடையில் எதிரெதிரே கண்ணாடி மாட்டிய மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது.

நான் போன மாதம் வைத்தேன். நீங்கள் எப்போது வைத்தீர்கள் என்று அம்மணியிடம் கேட்டேன். பார்த்துச் சொன்னார். நாம் பிரிந்த அடுத்த வாரம்.

இப்போது நான் கேட்கிறேன். கால் முளைத்து நடந்து வந்ததா?

கீல் கடை


மார்ச் 7

முதலாளி அவர்களுக்கு,

மாட்டிக்கொண்டேன்.

'வாடிக்கையாளர் வசதிக்காக' என்று எழுதலாமா என்று அரைமணி நேரம் யோசித்தேன். எழுதியும் பார்த்தேன். பின்னால் நின்று படித்த உங்கள் மச்சினி, "அத்தான் இதை நம்பினா, அவர் கீல் கடை வைக்க லாயக்கே இல்லை" என்றாள். அழித்துவிட்டேன்.

புது ஊரில் கடை திறந்த முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. காலையில் கதவைத் திறந்தால் எதிரே சுவர்தான். பழக்கத்தில் வலது பக்கம் திரும்பி, "அண்ணே, டீ சொல்லவா?" என்பேன். அங்கே பூட்டுப் பெட்டி அடுக்கியிருக்கும். அந்த வாரம்தான் அந்த ஜன்னலை வைத்தேன். நீங்கள் புதுக் கீல் வந்ததாக வரி போட்ட அன்றைக்கெல்லாம் எனக்கும் நல்ல வியாபாரம் நடந்தது. ஏன் என்று தெரியாது. ராசி என்று நினைத்துக்கொண்டேன். போதுமா? இதற்கு மேல் இழுத்தால் ஒயர் அறுந்துவிடும்.

இப்போது காரியம். மீதி நூற்று அறுபது ஜோடிக்கு, கைப்பிடி வார்க்கும் பட்டறைக்கு ஃபோன் போட்டேன். உங்கள் ஊர் எல்லையில் இருக்கிறதே, நாம் சேர்ந்து வாங்கிக்கொண்டிருந்த அதே பட்டறை. ஆறு வாரம் ஆகும் என்றார். குறைக்கச் சொன்னேன். "தம்பி, எழுதி வச்ச மாதிரிதான் என்கிட்டயும். ஆறுன்னா ஆறு" என்றார். என் வழக்கத்தை என் மேலேயே திருப்பிவிட்டார்.

ஆகையால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அந்த அம்மாளிடம் போய், கணினி செய்த குளறுபடி, எண்பதுதான் இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். இந்தக் காலத்தில் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் வார்த்தை போகக் கூடாது என்று எனக்கும் இருக்கிறது. ஆனால் வார்த்தையை உருக்கிக் கைப்பிடி வார்க்க முடியாதே.

பூட்டுக் கடை


மார்ச் 10

சகலை,

நீ சொன்னபடி போய் உள்ளதைச் சொன்னேன்.

அந்த அம்மாள் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து ரசீது சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலைப் பற்றிச் சொன்னேன், சுற்றியதைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "அண்ணே, எனக்கு ஜன்னலும் தெரியாது, சுத்தலும் தெரியாது. ஆறு கடை ஏறி இறங்கினேன். எல்லாரும் பேப்பரைப் பார்த்துப் பேசினாங்க. நீங்க மட்டும்தான் என் முகத்தைப் பார்த்துத் தர்றேன்னு சொன்னீங்க. உங்க முகத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுத்தேன்" என்றார்.

என் சரக்கை எனக்கே விற்றுவிட்டார். மாதக் கடைசி மாறாது, முடியாவிட்டால் கண்ணாடி வாசல் வைத்த பெரிய கடைக்குப் போவேன், மொத்தமாக, கீல் உட்பட என்றும் சொன்னார். ரசீதிலிருந்து தலையைத் தூக்காமல்தான் சொன்னார்.

நேராகப் பட்டறைக்குப் போனேன். ஃபோன் பண்ணிவிட்டுப் போகவில்லை. ஃபோனில் எல்லாருமே வேலை நிறைய இருக்கிற ஆட்கள்தான். வாசலில் நின்று பார்த்தேன். அச்சுக்கு அடிக்கும் மணல் குவியல் மேலே ஒரு காலடி இல்லை, பூனை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. உலைப் பக்கம் கை நீட்டினேன், சில்லென்று இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்று நாள் சவரம் செய்யாத முகம். வேலை இல்லாத மனுஷன், மானத்துக்காக ஆறு வாரம் என்று சொல்லியிருக்கிறார்.

நான் விலை பேசவே இல்லை. "உங்க பூனை நல்லா தூங்குதுண்ணே" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார், சிரித்துவிட்டார். அப்புறம் இரண்டு பேரும் டீ குடித்தோம். இரண்டு வாரத்தில் நூற்று அறுபது ஜோடி, பழைய விலைக்கே. முன்பணம் வேண்டாம் என்றார். நான்தான் பிடிவாதமாகக் கொடுத்தேன். பித்தளை வாங்க வேண்டுமே அவர். அதையும் முகத்தில்தான் பார்த்தேன். சும்மா இருக்கிறாரே என்று அடித்துப் பேசியிருந்தால் இன்னும் குறைத்திருப்பார். அப்படி வாங்கிய கைப்பிடி மூன்றாம் மாதம் கையோடு வந்துவிடும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த மாதிரிக் கைப்பிடியின் அச்சு அவரிடம் இல்லை. பிரியும்போது நீ எடுத்துக்கொண்டு போனாய், மரப்பெட்டியோடு. அது வந்தால்தான் உலை மூட்ட முடியும்.

பார்சலில் போடு, போதும். நீ வர வேண்டியதில்லை.

கீல் கடை

பின்குறிப்பு: மேலே 'நீ' என்று வந்துவிட்டது. திருத்த நேரமில்லை.


மார்ச் 11

அண்ணே,

பதிலை மின்னஞ்சலில் எழுதவில்லை. உங்கள் பக்கத்தில் 'புதுச் சரக்கு' பத்தியைத் திறந்து பாருங்கள்.

ஒயர்


மார்ச் 12

அடேய்,

பார்த்தேன். நான் மட்டுமா பார்த்தேன்?

'புதுச் சரக்கு: கோபம் தணிந்த சகலை. இருப்பு ஒன்று. மரப்பெட்டியுடன் ஞாயிறு காலை நேரில் வரும்.'

இப்படி ஒரு வரியை ஃபீடில் விடுகிறவனை நான் பார்த்ததில்லை. அது சுற்றும் என்று தெரிந்துதானே விட்டாய்? நேற்று மத்தியானத்துக்குள் என் பக்கத்தில் நான்கு சகலை வந்துவிட்டார்கள். சாயங்காலம் ஏழு. ஒரு குழாய் வேலைக்காரர் ஃபோன் பண்ணி, "அண்ணே, அந்தச் சகலை என்ன விலை? எங்க வீட்டுல ஒருத்தர் இருக்காரு, மாத்திக்கிறீங்களா?" என்று கேட்டார். எதிர்க்கடை பெயின்ட்காரர் தன் கடையில் இருந்தபடியே கத்துகிறார்: "ஏழு பேரையும் எங்க படுக்க வைப்பே?" கொள்முதல் அம்மாளும் பார்த்திருக்கிறார். 'கோபம் தணிந்த என்று போட்டிருக்கிறதே, சோதித்துப் பார்த்தாயிற்றா?' என்று செய்தி அனுப்பியிருக்கிறார்.

பக்கம் போடும் அம்மணியிடம் ஓடிப்போய், "இதை அறுத்து விடும்மா" என்றேன். "எல்லாத்தையும் எடுத்துடவா? ஜன்னலையும் சேர்த்து?" என்று கேட்டார். நான் திரையில் அந்தக் குட்டி ஜன்னலை ஒரு முறை பார்த்தேன். "சுத்தறதை மட்டும் நிறுத்து. ஜன்னல் இருக்கட்டும்" என்றேன். ஒரு முறை எடுத்துக்கொண்ட வரி திரும்பி வந்தால் தள்ளிவிடுகிற மாதிரி கட்டிவிட்டார். அதோடு, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எந்தக் கடைச் சரக்கு என்ற பெயரும் இனி வரும். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டிக்கே வா. பட்டறைக்குப் போகுமுன் வீட்டுக்கு வந்து சாப்பிடு. உன் அண்ணி இப்போதே கட்டிலுக்கு உறை மாற்றிக்கொண்டிருக்கிறாள். மச்சினியையும் கூட்டிக்கொண்டு வா. அவளைக் கூட்டி வராமல் நீ மட்டும் வந்தால் வாசலோடு திருப்பி அனுப்பச் சொல்லி எனக்கு உத்தரவு.

கறார்


மார்ச் 30

அண்ணே,

வீடு வந்து சேர்ந்தோம். விரல் நுனியெல்லாம் திருப்புளி பிடித்துத் தோல் உரிந்திருக்கிறது. தட்டச்சு செய்ய வலிக்கிறது. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

விடுதியின் அந்த நான்காவது மாடியை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். நீங்கள் கீலை வைத்துத் திருகுகிறீர்கள், நான் எதிர்ப்பக்கம் கைப்பிடியை வைக்கிறேன். "ஒரு நூல் மேலே ஏத்துடா." "ஏத்தினா பூட்டு இடிக்கும்ணே." "பூட்டை இறக்கு." "பூட்டை இறக்கினா சாவி போடறதுக்கு ஆள் குனியணும்." "விடுதிக்கு வர்றவன் குனிய மாட்டானா?" "குனியறதுக்கா அவன் காசு கொடுக்கிறான்?" கத்தின கத்தில் கீழே கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் கைகலப்பு என்று நினைத்து மேலே ஓடிவந்துவிட்டார்கள். கொள்முதல் அம்மாளும் மூச்சு வாங்க ஏறி வந்து, "நீங்க ரெண்டு பேரும் ஒரே கடையா?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "இல்லை" என்றோம். அவர் அந்தக் கதவைத் திறந்தார், மூடினார். சத்தமே இல்லை. திரும்பத் திறந்தார், மூடினார். அப்புறம் ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிக்கொண்டே தாழ்வாரம் முழுக்க நடந்தார். நாம் இரண்டு பேரும் பரீட்சை எழுதிய பையன்கள் மாதிரி பின்னாலேயே போனோம்.

கடைசிக் கதவை மூடிவிட்டு அவர் சொன்னதை நீங்கள் காதில் வாங்காத மாதிரி திருகு பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் கேட்டது. இதே ஆட்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு விடுதி கட்டுகிறார்கள். "ரெண்டு கடைகிட்ட ரெண்டு தடவை பேச எனக்கு நேரமில்லை. ஒரே பேர்ல விலை கொடுங்க. இல்லைன்னா விடுங்க" என்றார்.

அண்ணே, அதைப் பற்றித்தான் வழி நெடுக யோசித்தேன். ஆசையாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. நான் விலையை எழுதித்தான் வைப்பேன். அதில் எனக்கு மாற்றமில்லை. விலை எழுதியிருந்ததால்தான் அந்த அம்மாள் உங்கள் படியே ஏறினார். ஆனால் நீங்கள் அந்தப் பூனையைப் பார்க்காமல் இருந்திருந்தால் நம்மிடம் கைப்பிடி இல்லை. அதுவும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே கல்லாவில் உட்காருமா? உட்கார்ந்து, மறுபடி ஒரு நாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது நீங்கள் ஒன்று சொல்லி, நான் ஒன்று சொல்லி, இன்னும் இரண்டு வருஷம் போய்விட்டால்? வியாபாரம் போனால் பரவாயில்லை. இந்த நான்காவது மாடி போய்விடும்.

யோசித்து எழுதுங்கள். இந்த முறை ஒரே வார்த்தையில் எழுதக் கூடாது.

ஒயர்

பின்குறிப்பு: அண்ணி கொடுத்த பையை உங்கள் மச்சினி இன்னும் எனக்குத் திறந்து காட்டவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?


ஏப்ரல் 2

தம்பி,

பையில் என்ன இருக்கிறது என்று எனக்கும் சொல்லவில்லை. கேட்காதே. நம் இருவரைவிட அவர்கள் கூட்டுக் கடை பழசு, ஒரு நாள்கூட மூடியதும் இல்லை.

நீ எழுதியதை மூன்று முறை படித்தேன். இரண்டு நாள் கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. நீ பயப்படுவது நியாயம். ஆகையால் பயத்தைப் பேசாமல் நிபந்தனையைப் பேசுவோம். எனக்கு அதுதான் வரும்.

அந்தச் சீட்டுகளை நான் உரித்தது தப்பு. உரித்ததைவிட உன் கையில் வைத்தது பெரிய தப்பு. அதை இதற்கு மேல் நீட்டி எழுத எனக்குத் தெரியவில்லை. நேற்று காலை கடையில் கீல் பெட்டிகளுக்கெல்லாம் விலை ஒட்டினேன். நானே எழுதினேன், நானே ஒட்டினேன். பெயின்ட்காரர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "கறாருக்கு என்னப்பா ஆச்சு?" என்று தெருவையே கூட்டினார். முதலில் வந்த தச்சர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைத் திறந்து பேரம் பேச வந்தார், பழக்கம் விடவில்லை. அவர் பையன் கல்லூரியில் சேர்ந்த செய்தியையும் சேர்த்துச் சொன்னார். முகம் மலர்ந்திருந்தது. நான் சீட்டில் இருந்ததற்கும் குறைத்துக் கொடுத்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. எழுதி வைத்தால் என் கை கட்டப்பட்டுவிடும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு பக்கம்தான் கட்டுகிறது. மேலே ஏற முடியாது. இறங்க யார் தடுத்தார்கள்?

அந்த இரண்டு விடுதிக்கும் ஒரே பேரில் தருகிறோம் என்று கொள்முதல் அம்மாளிடம் பேசிவிட்டேன். உன்னைக் கேட்காமல் பேசியதற்குக் கோபித்துக்கொள். ஆனால் கோபித்துக்கொண்டே கையெழுத்துப் போடு. பக்கம் போடும் அம்மணி இரண்டு கடைக்கும் ஒரே பக்கம் கட்டித் தருகிறார். நம் இருவர் இருப்பும் ஒரே பத்தியில், ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை, எந்தக் கடை என்ற பெயரோடு வரும். அவர் கூலியை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம்.

அந்த அம்மாளிடம் ஒப்புக்கொண்டதும், நமக்குள் என் நிபந்தனையும் இது. கதவு ஒன்றுக்குக் கீல், தாழ்ப்பாள், பூட்டு, கைப்பிடி, திருகு எல்லாம் சேர்த்து ஒரே விலை, பக்கத்தில் எழுதி வைத்த விலை. அதற்கு மேல் நான் ஒரு காசு வாங்க மாட்டேன். அதற்குக் கீழே இறங்குவது கல்லாவில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்கள் இஷ்டம். மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது. பட்டறைக்கு நான் போவேன், பக்கத்தை நீ பார்ப்பாய். கடையில் ஆள் இருக்கும்போது ஒருவரை ஒருவர் கத்தக் கூடாது, நான்காவது மாடிக்கு இது பொருந்தாது. லாரி வாடகை என்னுடையது, இறக்குக் கூலி உன்னுடையது, லாபம் சரிபாதி. கணக்கு முடிப்பது மாதக் கடைசி ஞாயிறு, ஒரு மாதம் என் வீட்டில், ஒரு மாதம் உன் வீட்டில், நேரில்.

அண்ணன்